அந்த ஒற்றைச் சக்கரம் என்னுடையது

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இது: "அது என்னோடது. ஓட்டுறது நான்தான். சட்டையப் போட்டுக்கிட்டுப் போற பொம்பளன்னு சொன்னீகளே, அவதான் உங்களுக்குக் காப்பி குடுத்துக்கிட்டு நிக்கிறா." இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பதிலாக நான் சொன்னது, "காப்பி ஆறுது, எடுத்துக்கங்க." நீ அப்போது கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தாய். நான் தட்டைப் பார்த்தேன்.

ஆத்தா, நீ ஓசூருக்குத் திரும்பிப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, எந்த ஷிப்ட், அறையில் தண்ணீர் வருகிறதா என்று எல்லாம் கேட்டுவிட்டேன். இதை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வாய்ப்பேச்சில் எனக்கு எதுவும் சரியாக வராது என்பது உனக்குத் தெரியும். கிளை நூலகத்தில் நான் எடுக்காத புத்தகம் என்று ஒரு அலமாரிகூட மிச்சமில்லை, ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட உன் அப்பாதான் சொல்வார். அதனால் எழுதுகிறேன். பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் நீ. உனக்கு இருபத்திரண்டு முடியும்போது எனக்கு நாற்பத்தொன்றுதான். புத்தி சொல்கிற வயது இன்னும் வரவில்லை என்று நீ நினைக்கலாம். வரவில்லைதான். ஆனால் தப்பை ஒப்புக்கொள்கிற வயது வந்துவிட்டது.

அன்று நீ உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது பாதி நடந்துவிட்டது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். வீரபாண்டித் திருவிழாவில் உன்னைப் பார்த்துப் பிடித்துப்போய், தரகர் ஒருவர் மூலமாகக் கம்பத்திலிருந்து வந்தவர்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமன். காலையிலேயே உன் அப்பா, "இந்தா, அந்தச் சக்கரத்த எடுத்துக் கடைக்குள்ள வையி, ஆளுக வர்ற நேரம்" என்றார். நான் எடுத்து வைக்கவில்லை. சார்ஜில் இருக்கிறது, பாதியில் பிடுங்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் யாராவது கேட்கட்டும் என்றுதான் விட்டேன். கேட்டார்கள். தாய்மாமன் உட்கார்ந்ததும் மூலையைப் பார்த்து, "இதென்னண்ணே, மாவாட்டுற மிஷினா?" என்றார்.

"சேச்சே. தோட்டக்காரர் ஒருத்தரு ரிப்பேருக்குப் போட்டுட்டுப் போயிருக்காக" என்றார் உன் அப்பா. "ஒத்தச் சக்கர வண்டி. கரண்டுல ஓடுறது."

"உக்கார எடமே இல்லையே?"

"நின்னுக்கிட்டே போகணுமாம்."

"நின்னுக்கிட்டேயா! அப்ப பல் டாக்டருக்கு நல்ல யாவாரம்" என்று அவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் நீ வந்து நின்றாய். பையனின் அம்மா தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டே, "எங்க பக்கங்கூடப் பேசிக்கிட்டாக. இங்கன ஓடைப்பட்டியில ஒரு பொம்பள இது மேல ஏறித் தோட்டந்தோட்டமாப் போறாளாம்ல, ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு. வீட்டுல கேக்க ஆளு இல்ல போலருக்கு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நம் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். உன் அப்பா எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அது ஏற்கெனவே ஐந்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நான் காப்பி ஆறுகிறது என்றேன்.

மறுநாள் தேனி பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ கேட்டாய்: "நீயே சொல்லலேன்னா, நான் அங்கன போயி என்னத்தச் சொல்லிப் பொழைப்பேன்?" நான் பதில் யோசிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டாய். உனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நீ சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். உனக்குப் பேட்டரி கம்பெனியில் வேலை என்றதும், 'நல்ல வேலை' என்று முடித்துக்கொள்ளாமல், கெட்டுப்போன செல்லை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். நீ கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிடம் விளக்கினாய். அவன் அம்மா, "வேலைக்குப் போறதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் பேசிக்கிருவோம்" என்றபோது உன் கை மடிக்கு வந்துவிட்டது. அதையும் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சக்கரம் நம் பம்பு மோட்டார் கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ கல்லூரியில் மூன்றாம் வருடம். சுருளிப் பக்கம் தோட்டம் வாங்கியிருந்த பெங்களூர்க்காரர் ஒருவர், பாத்திக்குள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட கையோடு அதைக் கொண்டுவந்தார். "இதுவும் மோட்டார்தானே, பாருங்க" என்று வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. மூன்று மாதம் கழித்துப் போன் செய்தால், "அது வேண்டாம்மா, நீங்களே வச்சுக்கங்க" என்றார். உன் அப்பா பழைய இரும்புக்குப் போடலாம் என்றார். நான் இரண்டு பக்க மூடியையும் கழற்றிப் பார்க்கிறேன் என்றேன். உள்ளே செம்மண் காய்ந்து செங்கல் மாதிரி இருந்தது. பல் துலக்கும் பிரஷால் இரண்டு நாள் சுரண்டினேன். மண்ணுக்கு அடியில் மோட்டார் வந்தது. சக்கரமே மோட்டார். அச்சு நிற்க, சுற்றிலும் காந்தம் பதித்த வளையம் சுழல்கிறது. இருபது வருடமாக நான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய மோட்டார்களில் எல்லாம் வெளிக்கூடு நிற்கும், உள்ளே இருப்பது சுற்றும். இதில் உள்ளே இருப்பது நிற்கிறது, வெளியே இருப்பது சுற்றுகிறது. அதைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன்.

இப்போது முதல் ஒப்புதல். அச்சிலிருந்து வெளியே வரும் கேபிள், அவர் விழுந்த வேகத்தில் நசுங்கி, சூட்டில் உருகி, வயர்களின் நிறமே தெரியாமல் போயிருந்தது. மூன்று தடித்த வயர், ஐந்து மெல்லிய வயர். நீ தேனிக்குக் கல்லூரிக்குத் திரும்பும்போது, "நான் வர்ற வரைக்கும் தொடாத. இது பம்பு மோட்டார் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். தொட்டேன். நம் பள்ளத்தாக்கில் மோட்டார் தெரிந்த எல்லோருக்கும் ஒரு பாடம் கையிலேயே இருக்கிறது. ஈ.பி.காரர்கள் லைனில் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் பாதித் தோட்டங்களில் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் சோர்ந்து வரும். மூன்று வயரில் எதையாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். யோசிக்கவே வேண்டாம். நான் தடித்த மூன்றையும் ஒட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். சக்கரம் சுற்றாமல் உதறியது. தலைகீழ்போல என்று இரண்டை மாற்றினேன். மறுபடி போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் மீன் கருகின மாதிரி ஒரு நாற்றம். மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு எரிந்து போய்விட்டது.

அந்த ஐந்து மெல்லிய வயர்கள்தான் சக்கரம் இந்த நொடி எந்த இடத்தில் இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை என்றும், தடித்தவை அவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் நீ பிறகு படம் போட்டு விளக்கினாய். நான் புதிதாகக் கேட்பவள்போலத் தலையாட்டினேன். உன்னிடம் நான் சொன்னது, "அவுக விழுந்தப்பவே போர்டு போயிருச்சு போலருக்கு." நீ நம்பினாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தேடி, இதே மாதிரி வண்டியை உடைத்து வைத்திருந்த ஒருவரைக் கோயம்புத்தூரில் கண்டுபிடித்து, பஸ்ஸில் போய் பழைய போர்டை வாங்கிவந்தாய். அந்த மூன்று ஞாயிறும் நான் வீணாக்கியவை. போர்டை எரித்தது நான்தான். இரண்டு வருடமாக இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். தப்புச் செய்வது என்னை வெட்கப்படுத்தவில்லை. எனக்கு ஒன்று தெரியும் என்பதையும் நான் வெளியே சொல்வதில்லை, தெரியாது என்பதையும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே பழக்கம். அது உனக்கு வேண்டாம்.

பேட்டரியை நீ என்னைத் தொடவிடவில்லை. செத்த செல்களை ஒவ்வொன்றாக அளந்து ஒதுக்கி, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேனியில் உன் சிநேகிதியின் பட்டறையில் புதுச் செல்களை வரிசை போட்டுப் பற்றவைத்துக் கொண்டுவந்தாய். 'பேட்டரி என்னுது, மோட்டார் உன்னுது' என்றாய். மற்றதெல்லாம் என் கைவேலை. உடைந்துபோன மூடிக்குப் பதிலாக, போர்வெல்லுக்கு இறக்கும் நீலக் குழாயில் ஒரு துண்டைப் பிளந்து, சூடு காட்டி நிமிர்த்தி, வளைத்து மாட்டினேன். கால் வைக்கும் பலகையில் டிராக்டர் டியூபை வெட்டி ஒட்டினேன். காலில் இடிக்காமல் இருக்க, பழைய ஜீப் சீட்டின் ரெக்சினில் பஞ்சு வைத்துத் தைத்தேன். போர்டுக்கு மழைத் தண்ணீர் படாமல் இருக்கக் காயிலுக்குப் பூசும் வார்னிஷைப் பூசினேன். டியூப் மட்டும் கிடைக்கவில்லை. சின்னப்பிள்ளைகள் சைக்கிள் டியூப் அளவுதான் இதற்கும் என்று கண்டுபிடித்து, சின்னமனூரிலிருந்து வாங்கிவந்தவர் உன் அப்பா. அதையும் எழுத வேண்டும். வீட்டுக்குள் அவருக்கு என்மேல் பெருமைதான். வாசலைத் தாண்டினால் அந்தப் பெருமைக்கு வாய் வராது.

ஓட்டிப் பழகியது மாரியக்கா தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே. கல்லுக்கால் வரிசை நேராக இருக்கும், தலைக்கு மேலே கம்பி ஓடும். விழப்போனால் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிடலாம். உன் பழைய சுடிதார் பேண்ட், மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை. மருந்தடிக்கப் போகிற பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற அதே சட்டைதான். அதை யாரும் ஒரு பேச்சாகப் பேசியதில்லை. நான் முதல் நாள் பதினோரு தடவை விழுந்தேன். மாரியக்கா வரப்பில் உட்கார்ந்து எண்ணினாள்.

"ஏத்தா, சர்க்கஸ்ல எதுவும் கேட்டிருக்காகளா?"

"இல்லக்கா. மோட்டார் பாக்கப் போறதுக்கு."

"அதுக்கு ஒம் புருசன் பைக்கு இருக்குல்ல."

"அதுல பின்னாலதான உக்காரணும்."

அவள் மேலே தொங்கிய கொத்துகளைப் பார்த்தாள். பிறகு, "சரி, எந்திரி. பன்னீர்த் திராட்ச அறுப்புக்கு நிக்கிது, கொத்துல மண்டைய இடிச்சன்னா நீதான் அறுத்துத் தரணும்" என்றாள். பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் சக்கரம் காலைவிட்டு ஓடிப்போகும். முன்னால் சாய்ந்தால்தான் அது உன்னைத் தாங்கப் பின்தொடர்ந்து வரும். இதை நான் பதினோரு தடவையில் கற்றுக்கொண்டேன்.

இப்போது பெரிய ஒப்புதல். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், உன் அப்பாவுக்குக் கிணற்றில் பம்பு இறக்கும்போது கட்டைவிரல் நசுங்கியது. ஆர்டர் கெட்டுப்போகக் கூடாது என்று நான் உட்கார்ந்து காயில் கட்டினேன். துளைகளுக்குள் கம்பியை ஒவ்வொன்றாக விட்டு இழுத்து, மூங்கில் சீவலை அடித்து இறுக்கினேன். அந்த மோட்டார் ஆறு வருடம் ஓடியது. விரல் ஆறியது. நான் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நம் கடையில் கட்டிய ஒவ்வொரு காயிலும் என் கை. அவர் பம்பைத் தூக்குவார், இறக்குவார், தோட்டக்காரர்களிடம் பேசுவார். வருசநாட்டிலிருந்துகூட மோட்டாரைக் கொண்டுவந்து, "அண்ணன் கட்டுனா அசையாது" என்பார்கள். நான் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். யாரும் என்னைப் பேசாதே என்று கட்டிப்போடவில்லை. நானேதான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது அடக்கம் என்று தோன்றியது. நீயும் உள்ளறையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய். நான் அடக்கமாக இருக்கிறேன் என்றா நீ பார்த்துக்கொண்டிருந்தாய், அல்லது ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்றா? பஸ் ஸ்டாண்டில் நீ கேட்ட கேள்வியிலிருந்து எனக்குப் பதில் தெரிகிறது.

சக்கரம் வந்த பிறகுதான் நான் வெளியே வந்தேன். பம்பு ஓடவில்லை என்று போன் வந்தால், உன் அப்பா வேறு எங்கேயாவது கிணற்றில் இருந்தால், மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிப்பாதையில் நானே போகிறேன். மெயின் ரோட்டுக்கு அதைக் கொண்டுபோவதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் பாதை இருக்கிறது, அது போதும். முதலில் சிரித்தார்கள், பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், இப்போது, "ஸ்டார்ட்டரு கத்துது, கொஞ்சம் வந்து பாருங்க" என்கிறார்கள். கம்பம் வரைக்கும் பேச்சுப் போயிருக்கிறது என்றால் போகட்டும். ஒரு பொம்பள ஒற்றைச் சக்கரத்தில் போகிறாள் என்பது பொய் இல்லையே. வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பதுதான் பொய். கேட்க ஆள் இருக்கிறது. நான்தான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

அன்று தோட்டக்காரர் ரிப்பேருக்குப் போட்டது என்று உன் அப்பா சொன்னபோது என் வண்டி மட்டும் இல்லாமல் போகவில்லை. நீ ஒவ்வொரு செல்லாக அளந்து கட்டிய பேட்டரியும் அதற்குள் இருந்தது. உன்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால், உன்னிடம் உள்ளதிலேயே நல்லதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தோம். அவர் பயத்தில் மறைத்தார். நான் பழக்கத்தில் மறைத்தேன். அப்படி மறைத்துத்தான் உன்னை ஒரு வீட்டுக்குள் அனுப்ப வேண்டும் என்றால், அங்கே போன பிறகு நீ உன் கையை வாழ்நாள் முழுவதும் மடியிலேயே வைத்திருக்க வேண்டியதுதான். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஊர் சம்மதிக்கட்டும், உன் அப்பா சம்மதிக்கட்டும், நான் மாட்டேன்.

அதனால் வருகிற செவ்வாய்க்கிழமை கம்பத்துக்குப் போகிறேன். நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் சொல்லப் போகிறேன். வண்டி என்னுடையது, ஓட்டுவது நான், காயில் கட்டுவது நான், பேட்டரி கட்டியது என் மகள், அவள் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. சண்டைக்கும் போகவில்லை. இதனால் இந்தச் சம்பந்தம் நின்றுபோகலாம். உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இழப்பு உன்னுடையது என்பதால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உன்னுடையது. ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு மாதிரிப் பேசாமல் இருந்துவிடாதே. நம் வீட்டில் அந்த வேலையை நான் ஒருத்தி பார்த்தது போதும்.

அந்தக் கடிதத்தை அதோடு முடித்து அனுப்பினேன்; அதற்குப் பிறகு நடந்ததை இப்போது எழுதிச் சேர்க்கிறேன். அது கிடைத்த அன்று நீ போன் செய்து கேட்டது ஒன்றே ஒன்று: "பஸ்ஸுலயா போற, சக்கரத்துலயா?" இரண்டிலும் என்றேன். பஸ்ஸில் அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கம்பம் போய் இறங்கி, அவர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் ஏறினேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். அந்த அம்மா வாசலில் நெல்லிக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "சொல்லியிருக்கணும்" என்றேன். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நான்காம் நாள், பையன் இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்கிறான் என்று தரகர் வந்து சொன்னார். பையன் உனக்குப் போன் செய்யவில்லை. நீ ஒரு தடவை அழுதாய், பிறகு மறுநாள் காலை ஷிப்ட் என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் அப்பா ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. பத்தாம் நாள் மோட்டார் எடுக்க வந்த ஒருவர் கடை மூலையைக் காட்டி, "இது யாருதுண்ணே?" என்று அவரிடம் கேட்டார். உன் அப்பா நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். அவர் என்ன சொல்ல இருந்தார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.